வெப்பமானியில் தெரியாத பருவங்கள்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, பினாங்கு வாழ் தமிழ்ப் பெருமக்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

மலேசியத் தமிழரின் அன்றாட வாழ்வையும் தொழிலையும் பெரிதும் வகுப்பது பருவமா, கடிகாரமா என்பது இன்றைய தலைப்பு. பருவமே என்று வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய நண்பர் இரண்டு வாதங்களை வைத்தார். இந்த நாட்டில் ஆண்டு முழுவதும் ஒரே வெக்கை. நெடும்பகலுக்கும் குறும்பகலுக்கும் இடையில் அரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான வேறுபாடுதான். ஆகவே கார், கூதிர் என்று தொடங்கும் ஆறு பருவங்களையும் நம் முன்னோர் நாகப்பட்டினத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டுக் கப்பலேறினார்கள் என்பது முதல் வாதம். அணைகளும் தொழிற்சாலைகளும் வந்த பிறகு எஞ்சியிருந்த பருவமும் வலுவிழந்துவிட்டது என்பது இரண்டாவது.

முதல் வாதத்தில் அவர் தந்த தகவல் சரி. அதிலிருந்து எடுத்த முடிவு தவறு. வெப்பமானியை மட்டும் பார்ப்பவருக்கு இங்கே பருவம் தெரியாது, ஏனென்றால் இந்த மண்ணில் பருவம் காற்றின் திசையிலும் மழையின் வரவிலும் இருக்கிறது. மே மாத இறுதியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று, இரண்டுக்கும் நடுவே ஏப்ரலையும் அக்டோபரையும் ஒட்டிப் பிற்பகலில் இடியோடு கொட்டும் மழை என்று ஆண்டு பிரிந்து கிடக்கிறது. கிழக்குக் கரையில் கிளந்தானும் திரெங்கானுவும் வெள்ளத்துக்கு அஞ்சியிருக்கும் ஜனவரியில், தித்திவங்சா மலைத்தொடருக்கு இந்தப் பக்கம் இருக்கும் நம் பினாங்கு காய்ந்து கிடக்கிறது. ஒரே நாட்டில், ஒரே மாதத்தில், மலைக்கு அந்தப் பக்கம் ஒரு வாழ்க்கை, இந்தப் பக்கம் வேறு வாழ்க்கை.

நம் முன்னோர் இதை எங்கே கற்றார்கள்? பால்மரக் காட்டில், அதாவது ரப்பர்த் தோட்டத்தில், கற்றார்கள். நடுவர் அவர்களே, இந்த இடத்தில் நான் சற்று நின்று பேச விரும்புகிறேன், ஏனென்றால் இந்த அவையில் இருப்போரில் பலர் தோட்டத்து லயத்திலிருந்து வந்த குடும்பத்தினர். விடியுமுன் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்புக்குப் போய் நின்றதும், இருட்டிலேயே விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வடிய மரப்பட்டையை வெட்டியதும் துரையின் கடிகாரம் இட்ட கட்டளை என்று எதிரணி சொல்லக்கூடும். அந்தக் கடிகாரத்துக்கே கட்டளையிட்டது மரம். குளிர்ந்த விடியலில் பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். பால் நன்றாகவும் நெடுநேரமும் வடியும். வெயில் ஏறி இலைகள் நீரை ஆவியாக விடத் தொடங்கியதும் அந்த அழுத்தம் தளர்ந்து பால் குறைந்துவிடும். இரவில் மழை பெய்து பட்டை நனைந்திருந்தாலோ, வெட்டிய கோட்டை விட்டுப் பால் மரமெங்கும் வழிந்து வீணாகும்; பால் பிடிக்கும் மங்கில் விழுந்ததையும் மழைநீர் அடித்துக்கொண்டு போகும். அன்றைக்கு வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாளில் முழுக் கூலியும் இல்லை. பிப்ரவரியை ஒட்டி வரும் வறண்ட நாள்களில் மரங்கள் இலையுதிர்த்துத் துளிர்க்கும் வரை பால் சுண்டிவிடும்; அந்த மாதங்களில் வீட்டுச் செலவும் சுருங்கும், கடைக் கணக்கும் ஏறும். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டிக்கு இவ்வளவும் தெரிந்திருந்தது. ஆறு பருவங்களை நாகப்பட்டினத்தில் விட்டுவந்த அந்தத் தலைமுறை, இங்கே புதிய பருவங்களைத் தன் கூலியைக் கொடுத்துக் கற்றுக்கொண்டது என்பதே என் மறுமொழி.

அது பழைய கதை, இன்று தோட்டமே இல்லை என்பார்கள். சரி, இன்றைக்கு வருகிறேன். மாதச் சம்பளம் வாங்குபவருக்கு மழை பெய்தால் சட்டை நனையும். நாட்கூலி வாங்குபவருக்கு மழை பெய்தால் உலை பொங்காது. பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் கடை விரிக்கும் அண்ணனுக்கு அக்டோபர் மாலைகள் எப்படிப்பட்டவை என்று கேட்டுப் பாருங்கள். தீபாவளி வியாபாரம் உச்சத்தில் இருக்க வேண்டிய வாரங்களிலேயே மழையும் உச்சத்தில் இருக்கும். லிட்டில் இந்தியாவில் கூடாரத்தின் கீழ் துணி விற்பவர் வாங்குவோரைப் பார்ப்பதா, வானத்தைப் பார்ப்பதா? அதே மழை கேமரன் மலையில் காய்கறித் தோட்டங்களைக் கெடுக்கும்போது விலை ஏறுகிறது. வடகிழக்குப் பருவத்தில் கிழக்குக் கரைப் படகுகள் கடலுக்குப் போகத் தயங்கும்போது மீன் விலை ஏறுகிறது. சமையலறையில் என்ன குழம்பு என்பதைப் பருவம் தீர்மானிக்கிறது.

தைப்பூசத்தையும் இங்கே சொல்ல வேண்டும். நாளைக் குறிப்பது பஞ்சாங்கம்தான். ஆனால் அது பினாங்கின் மிக வறண்ட நாள்களில் வருவதால், வெறுங்காலுடன் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நடப்பவர்களுக்காகத் தார்ச்சாலையில் நீர் தெளிக்கிறோம், வழிநெடுகத் தண்ணீர்ப்பந்தல் போடுகிறோம். நம் தொண்டின் வடிவமே அந்தப் பருவத்தின் வெயிலில் உருவானது.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் மழையானாலும் வெயிலானாலும் ஷிஃப்டு மாறுவதில்லை என்றார் நண்பர். ஒப்புக்கொள்கிறேன், ஷிஃப்டு மாறுவதில்லை. ஆனால் 2017 நவம்பர் 4, 5 ஆம் தேதிகளில் இந்த மாநிலத்தில் பெய்த மழையில் ஏழு உயிர்கள் போயின, வீதிகள் ஆறாயின. அந்த விடியலில் மணி அடித்திருக்கும். மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகச் சாலை எங்கே இருந்தது? 2015 இலும் 2019 இலும் சுமத்ரா, காளிமந்தான் காட்டுத்தீயின் புகையைத் தென்மேற்குப் பருவக்காற்று இங்கே கொண்டுவந்தபோது, பல மாநிலங்களில் பள்ளிகளையே மூடினார்கள். பாட அட்டவணை சுவரில் அப்படியே இருந்தது, பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள்.

இறுதியாக, அணைகளைப் பற்றிய வாதம். பினாங்குக்கு அக்கரையில் கெடாவில் மூடா நீர்ப்பாசனத் திட்டம் வந்து, ஒருபோகம் விளைந்த வயல்களில் 1970 முதல் இருபோகம் விளைகிறது. மனிதன் பருவத்தை வென்றதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்றார்கள். அந்தத் திட்டத்தின் பெருமையை நான் குறைக்கவில்லை. அந்த அணைகளில் தேங்குவது மழைதானே? ஒரு போகம் பெய்யும் மழையைக் குடிக்கிறது. மற்றப் போகம் முன்பே பெய்து அணையில் சேர்ந்த மழையைக் குடிக்கிறது. மழை பொய்த்த 1978 ஆம் ஆண்டில், அணை இருந்தும், வாய்க்கால் இருந்தும், மழையை நம்பாத அந்தப் போகமே கைவிடப்பட்டது.

எனக்குப் பின் பேசவிருக்கும் எதிரணி நண்பர் இதற்கு மட்டும் விடை தந்துவிட்டுத் தம் உரையைத் தொடரட்டும்: அந்த ஆண்டு கெடா உழவர்கள் நாற்று விடாமல் காத்திருந்தது எந்தக் கடிகாரத்தைப் பார்த்து? நன்றி, வணக்கம்.