டாக்கரில் நடந்த வழக்கு

பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

இன்று சாட் என்ற நாட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். ஆப்பிரிக்காவின் நடுவே, கடற்கரையே இல்லாத ஏழை நாடு. 1982 முதல் 1990 வரை அங்கே ஹிசேன் ஹப்ரே ஆண்டார். லிபியாவின் கடாபிக்கு எதிரி என்பதால் அமெரிக்காவும் பிரான்சும் அவரைத் தாங்கிப் பிடித்தன. தலைநகர் இன்ஜமேனாவில் பிரெஞ்சுக்காரர் காலத்து நீச்சல்குளம் ஒன்று இருந்தது. அதன் மேல் கான்கிரீட் தளம் போட்டு, உள்ளே அறை அறையாகத் தடுத்துச் சிறையாக்கினார்கள். அவருடைய ஆட்சியில் சுமார் 40,000 பேர் உயிரிழந்திருக்கலாம் என்று அந்நாட்டு விசாரணை ஆணையம் பிறகு மதிப்பிட்டது.

அந்த ஆட்சியின் சிறைகளில் கிடந்தவர் சுலேமான் கெங்கெங். கணக்கு எழுதும் வேலை பார்த்தவர். உயிரோடு வெளியே போனால் நியாயம் கேட்பேன் என்று உள்ளே இருக்கும்போதே சத்தியம் செய்துகொண்டார். ஹப்ரே கவிழ்ந்து செனகலுக்கு ஓடியதும் கெங்கெங் விடுதலையானார். தன்னைப் போல அடிபட்டவர்களைத் தேடிப் போய், தோழர்களோடு சேர்ந்து 792 பேருடைய சாட்சியங்களை எழுதி வாங்கினார். ஆனால் சித்திரவதை செய்த பலர் புதிய ஆட்சியிலும் பதவியில் இருந்தார்கள். அதனால் அந்தத் தாள்களை வீட்டிலேயே ஒளித்து வைத்தார். எவ்வளவு பெரிய துணிச்சல், யோசித்துப் பாருங்கள்!

2000-ல் பாதிக்கப்பட்டவர்கள் செனகல் தலைநகர் டாக்கரில் புகார் கொடுத்தார்கள். வேறு நாட்டில் நடந்த குற்றத்துக்கு இங்கே எப்படி வழக்கு? 1984-ல் ஐ.நா. கொண்டுவந்த சித்திரவதை எதிர்ப்பு உடன்படிக்கையில் அதற்கு வழி இருக்கிறது. சித்திரவதை செய்தவர் எந்த நாட்டில் இருக்கிறாரோ, அந்த நாடு அவரை விசாரிக்க வேண்டும், இல்லையென்றால் விசாரிக்கும் நாட்டிடம் ஒப்படைக்க வேண்டும். செனகல் அதை ஏற்ற நாடு. அப்படியும் அங்குள்ள நீதிமன்றங்கள் தங்களுக்கு அதிகாரமில்லை என்று கைவிரித்தன. சாட்டில், பாதிக்கப்பட்டவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் ஜாக்குலின் முதெய்னா மீது கையெறி குண்டு வீசினார்கள். காலில் காயம்பட்டும் அவர் வழக்கை விடவில்லை.

அப்புறம் பெல்ஜியம் உள்ளே வந்தது. ஹப்ரேயை ஒப்படைக்கக் கேட்டது, கிடைக்காமல் போகவே சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. விசாரி அல்லது ஒப்படை, இனித் தாமதம் கூடாது என்று 2012-ல் அந்த நீதிமன்றம் செனகலுக்குச் சொன்னது. ஆப்பிரிக்க ஒன்றியத்தோடு சேர்ந்து டாக்கரிலேயே தனி நீதிமன்றம் அமைத்தார்கள். கெங்கெங் அங்கே சாட்சிக் கூண்டில் நின்றார். 2016 மே 30 அன்று ஹப்ரேவுக்கு ஆயுள் தண்டனை. நஷ்டஈடுதான் இழுத்துக்கொண்டே போனது, பலர் அதைக் கண்ணால் பார்க்காமலே இறந்துபோனார்கள். அந்த அநியாயத்தையும் சொல்லாமல் விடக்கூடாது.

உடன்படிக்கை தானாக எழுந்து யாரையும் கைது செய்யவில்லை. 1990-ல் சிறையிலிருந்து வந்தவர்கள் 26 ஆண்டுகள் விடாமல் தட்டினார்கள். ஆனால் அந்த ஒரு விதி இல்லையென்றால் அவர்களுக்குத் தட்டக் கதவே இருந்திருக்காது.

சரி, நம் நாடு? இந்தியா இதே உடன்படிக்கையில் 1997-ல் கையெழுத்துப் போட்டது. ஆனால் அதற்குக் கட்டுப்படுகிறோம் என்று இன்னும் உறுதிப்படுத்தவில்லை. 2010-ல் சித்திரவதைத் தடுப்பு மசோதா மக்களவையில் நிறைவேறியது, மாநிலங்களவையில் தேர்வுக்குழுவுக்குப் போய் அப்படியே காலாவதியானது. 2020-ல் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் நடந்ததை இந்த அரங்கில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, அந்தக் கையெழுத்தை எப்போது உறுதிப்படுத்தப் போகிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.