அம்புக்குள்ள கேக்குற சத்தம்

வணக்கம். வில்வித்தை பத்தி எதை வேணா பேசுங்கன்னு சொன்னாங்க, நான் ஒரு சத்தத்தைப் பத்திப் பேசறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன், ரேடியோங்கிறதால அது பொருத்தமாவும் இருக்கும்னு நினைக்கிறேன்.

ரேஞ்ச்ல, அதாவது வில்வித்தை பழகுற இடத்துல, அம்பு விட்டா டார்கெட்ல இருந்து "டப்"புனு மந்தமா ஒரு சத்தம் வரும், ஃபோம்ல குத்துற சத்தம். நடுவுல சில நேரம் கெட்டியா "டக்"குனு ஒண்ணு கேக்கும். அது அம்பு மேல அம்பு பட்ட சத்தம். பசங்களுக்கு அதைக் கேட்டா ஒரே சந்தோஷம், க்ரூப் நல்லா சேருது, அம்பெல்லாம் ஒரே இடத்துல விழுதுன்னு அர்த்தம் இல்லையா. உள்ளரங்குல 18 மீட்டர்ல நடுவட்டமே 4 சென்டிமீட்டர்தான், அதுல மூணு அம்பு விட்டா இடிக்கத்தான் செய்யும், அதனாலதான் போட்டிகள்ல மூணு சின்ன டார்கெட்டை மேலும் கீழுமா வச்சு ஒண்ணுக்கு ஒரு அம்புன்னு விடுறாங்க. ஆனா அந்த "டக்" கேட்டப்புறம் அம்பைப் பிடுங்கி அப்படியே குவிவர்ல, அதாவது அம்பறாத்தூணில, போட்டுக்கிட்டு வர்றோம் பாருங்க, அங்கதான் எனக்குப் பதறுது.

மர அம்பு முறிஞ்சா கண்ணுக்குத் தெரியும். அலுமினிய அம்பு வளைஞ்சா உருட்டிப் பார்த்தா தெரிஞ்சிடும். கார்பன் அப்படி இல்ல, அடி வாங்கினாலும் வளைஞ்சு நிக்காது, நேராத்தான் இருக்கும். மெல்லிய கார்பன் இழைகளை எபாக்சி பிசின்ல தோய்ச்சு இறுக்கிச் செஞ்ச குழாய் அது, வெளியில மைதானத்துல விடுற அம்பெல்லாம் பென்சிலை விட மெல்லிசு, உள்ள இழை பிரிஞ்சிருந்தாலும் மேல பளபளன்னு புதுசு மாதிரியே இருக்கும்.

ஸ்லோ மோஷன் வீடியோ பார்த்திருந்தீங்கன்னா தெரியும், நாணை விட்டதும் அம்பு நேராப் போறதில்ல, மீன் நீந்துற மாதிரி நெளிஞ்சு நெளிஞ்சுதான் போகும். பின்னாடி நாண் தள்ளுது, முன்னாடி பாயிண்டோட, அதாவது அம்போட கூர்முனையோட கனம் சட்டுனு நகர மாட்டேங்குது, நடுவுல மாட்டிக்கிட்ட குழாய் வளையுது. விரிசல் இருந்தா அந்த இடத்துலதான் ஒடியும். ஒடிஞ்சதும் நாண் நிக்குமா, நிக்காது, பின்பாதியை அது பாட்டுக்கு முன்னாடி தள்ளும், அதுக்கு நேரா இருக்கிறது வில்லைப் பிடிச்சிருக்கிற நம்ம கை.

நான் பழகின ரேஞ்ச்ல ஒரு பையனுக்கு இது நடந்தது. கட்டைவிரலுக்குக் கீழ சதையில கறுப்பா ஊசி ஊசியா ஏறிடுச்சு. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், எக்ஸ்ரே எடுத்தா ஒண்ணுமே தெரியல. தெரியாதுதான், கார்பன் எக்ஸ்ரேவை மறைக்காது, எக்ஸ்ரே எடுக்கப் படுக்க வைக்கிற மேஜைப் பலகையையே கார்பன்ல செய்யறது அதுக்காகத்தான். அன்னைக்கு எங்க யாருக்கும் அதை டாக்டர்கிட்ட சொல்லத் தெரியல. இப்படி எங்கயாவது நடந்தா, குத்தினது கார்பன்னு முதல்லயே சொல்லிடுங்க, நீங்களா பிடுங்காதீங்க.

சரி, எப்படிப் பாக்கறது? டார்கெட்கிட்டயே பாக்கணும், நின்னு விடற கோட்டுக்கு வந்து நாண்ல மாட்டினப்புறம் இல்ல, அங்க மனசு முழுக்க எய்மிங்ல இருக்கும். பிடுங்கும்போது ஒரு கை டார்கெட்ல ஊணி, இன்னொரு கையால டார்கெட்டை ஒட்டி அம்பைப் பிடிச்சு நேரா இழுங்க, கோணலா இழுத்தா அதுலயே அடிபடும், பின்னாடி ஆள் நிக்கக் கூடாது. வெளிச்சத்துல மெதுவா உருட்டிப் பாருங்க, கீறல், பிசிறு, பள்ளம் எது இருந்தாலும் தெரியும், பாயிண்ட் பக்கமும், நாக் பக்கமும், அதாவது நாண்ல மாட்டுற பின்முனைப் பக்கமும், ரெண்டு தடவை பாருங்க, அடி அங்கதான் அதிகம் விழும். கொஞ்சம் பஞ்சை எடுத்து ஷாஃப்ட், அதாவது அம்போட குழாய், மேல தடவினா பிசிறு இருக்கிற இடத்துல மாட்டிக்கும். வெறும் விரலை வச்சு தடவாதீங்க.

அப்புறம்தான் நான் சொன்ன சத்தம். பாயிண்டுக்குப் பக்கத்துல ஒரு கை, நாக் பக்கத்துல ஒரு கை, முகத்துக்கு எதிர வச்சுக்காம கையை நீட்டி, யார் பக்கமும் இல்லாம வெளிப்பக்கமா ஒரு இன்ச் ரெண்டு இன்ச் வளைங்க. விடுங்க, கொஞ்சம் திருப்புங்க, திரும்ப வளைங்க. நாலு தடவைல இருந்து ஆறு தடவைக்குள்ள ஒரு சுத்து வந்துடும். உள்ள இருந்து சின்னதா "ட்ரிக்"னு உடையற சத்தம் கேட்டாலோ விரல்ல அப்படி உணர்ந்தாலோ அந்த அம்பு போச்சு. கடைசியா ரெண்டு முனையையும் பிடிச்சு துணி பிழியற மாதிரி ரெண்டு பக்கமும் முறுக்கிப் பாருங்க, லேசா இளகிக் கொடுத்தாலும் போச்சு. ஈஸ்டன் மாதிரி அம்பு செய்யற கம்பெனிகளே இப்படித்தான் பாக்கச் சொல்றாங்க, அதுவும் ஒவ்வொரு தடவை விடறதுக்கு முன்னாடியும்.

நாக்கையும் விட்டுடாதீங்க, நாண்ல மாட்டுற அந்த பிளாஸ்டிக் துண்டைச் சொல்றேன். அது பிளந்திருந்தா அம்பு நாணை விட்டு நழுவி அம்பே இல்லாம வெறும் நாணை இழுத்து விட்ட மாதிரி ஆயிடும், அந்த அதிர்ச்சியில வில்லோட லிம்பே, அதாவது வளையற பாகமே, உடையலாம். ஒவ்வொரு அம்புலயும் பேரோட முதலெழுத்தும் ஒரு நம்பரும் எழுதி வச்சுக்கிட்டா எது அடிபட்டதுன்னு ஞாபகம் இருக்கும், பேரெழுத்து எப்படியும் போட்டி விதியிலயே கேக்கறாங்க. பாயிண்டைக் கழட்ட ஷாஃப்டை நெருப்புல காட்டுறவங்களையும் பாத்திருக்கேன், தயவுசெஞ்சு வேண்டாம், பிசின் வெந்து பலம் போயிடும்.

எனக்கு ரொம்ப வருத்தம் எதுலன்னா, பெரியவங்க விட்டுத் தேஞ்ச அம்பெல்லாம் கிளப் டப்பாவுக்குப் போகுது, அங்க இருந்து புதுசா சேர்ற பிள்ளைங்க கைக்குப் போகுது. விலை ஜாஸ்தி, தூக்கிப்போட மனசு வரல, எனக்கும் புரியுது. ஆனா எந்த அம்பு எப்ப எங்க இடிச்சுதுன்னு தெரியாம அதை விடறது பத்து வயசுக் குழந்தைங்க, டிரா வெயிட், அதாவது நாணை இழுக்க வேண்டிய பலம், கம்மிதானேன்னு நாம சமாதானம் சொல்லிக்கறோம்.

அந்தப் பையன் விஷயம் நடந்த வாரம் நானும் இன்னொரு கோச்சும் உக்காந்து டப்பாவுல இருந்த எல்லாத்தையும் ஒண்ணொண்ணா வளைச்சுப் பாத்தோம், ஃபேனைக்கூட நிறுத்திட்டு. சத்தம் போட்டதையெல்லாம் தனியா எடுத்து, யாரும் திரும்ப எடுத்து விட முடியாதபடி ரெண்டா ஒடிச்சு, முனையில டேப் சுத்திக் குப்பையில போட்டோம். மிச்சம் இருந்தது ஆளுக்கு மூணு அம்புக்குக்கூட வரல. புது அம்பு வர்ற வரைக்கும் பிள்ளைங்க ரெண்டு ரெண்டு பேரா ஒரே செட்டை மாத்தி மாத்தி விட்டாங்க, ஒருத்தன் விடும்போது இன்னொருத்தன் அந்த "டக்"குக்குக் காதைத் தீட்டிக்கிட்டு நின்னான்.