பசுமைப் பொருளாதாரத்தில் யாருக்குப் பங்கு?

நேயர்களுக்கு வணக்கம்.

காலையில் குப்பை வண்டி தெருமுனைக்கு வந்ததும் ஈரக் குப்பையை வாளியிலும் உலர்குப்பையைப் பையிலுமாக எடுத்துக்கொண்டு இறங்குகிறோம். 'ஹசி கசா', 'ஒண கசா' என்ற கன்னடச் சொற்கள் பெங்களூருத் தமிழ்க் குடும்பங்களின் பேச்சிலும் கலந்துவிட்டன. 2012ஆம் ஆண்டில் கர்நாடக உயர் நீதிமன்றம் குப்பையை வீட்டிலேயே தரம் பிரிக்க உத்தரவிட்டதை அடுத்து வேரூன்றிய பழக்கம் இது. நம் வீட்டுக் குப்பை மலையாகக் குவிந்து, குடிநீரும் கெட்டுப்போன மாவள்ளிபுரா, மண்டூர் கிராமத்து மக்கள் தெருவில் இறங்கிப் போராடிய காலம் அது.

அந்த உலர்குப்பைப் பை நம் வாசலைத் தாண்டிய பிறகு யார் கைக்குப் போகிறது என்பதைத்தான் நான் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். பசுமைப் பொருளாதாரம், அதாவது சுற்றுச்சூழலைக் கெடுக்காத தொழில்களும் வேலைகளும், என்றதும் பலருக்குச் சோலார் தகடும் காற்றாலையும் மின்சாரக் காரும் நினைவுக்கு வரும். எனக்கு எங்கள் வார்டின் உலர்கழிவு மையம், அந்தத் தகரக் கொட்டகை, நினைவுக்கு வருகிறது.

அங்கே முதன்முதலாகப் போன நாளில், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து சிறு வயதிலேயே பெங்களூரு வந்துவிட்ட ஓர் அம்மா, குவியலுக்கு நடுவே பலகை போட்டு உட்கார்ந்து கவர்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கவரையும் காதருகே கொண்டுபோய் ஒருமுறை கசக்குவார். உடனே அது வலப்பக்க மூட்டைக்கோ இடப்பக்க மூட்டைக்கோ போய்விடும். எதற்காகக் கசக்குகிறீர்கள் என்று கேட்டேன். "சரசரன்னு கத்துனா பி.பி. சார். சத்தம் போடாம மெத்துன்னு மடங்குனா எல்.டி. ரெண்டும் கலந்துட்டா வாங்குறவன் விலைய இறக்கிடுவான்" என்றார். பி.பி., எல்.டி. என்பவை இருவகைப் பிளாஸ்டிக்குகளின் சுருக்கப் பெயர்கள். கழுவிக் காயவைத்த பால் கவருக்குத் தனி மூட்டை. அதற்கு நல்ல விலை உண்டு. உட்புறம் வெள்ளிபோல் மின்னும் சிப்ஸ் பாக்கெட்டைத் தூக்கிக் காட்டி, இதை யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள், சிமெண்ட் ஆலைக்கு எரிக்கத்தான் போகும் என்றார். பால் கவரைக் கழுவிப் போடுங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்வது இதனால்தான். நீங்கள் செலவிடும் அரை நிமிடம் அந்த அம்மாவின் அன்றைய கூலியில் தெரியும்.

எந்தக் கல்லூரியும் கற்றுத்தராத இந்த அறிவை நம்பித்தான் நம் நாட்டின் மறுசுழற்சித் தொழில் நிற்கிறது. குப்பை சேகரிப்பவர்களுக்கு மாநகராட்சி அடையாள அட்டை வழங்கியதில் பெங்களூரு முன்னோடி நகரங்களில் ஒன்று. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் அவர்களை முறைப்படி அங்கீகரித்து, உள்ளாட்சிகள் அவர்களைக் கழிவு மேலாண்மையில் இணைத்துக்கொள்ள வேண்டும் என்றன. 2022இல் பிளாஸ்டிக் உறை போடும் நிறுவனங்களே அதன் கழிவுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற நெறிமுறை வந்தது. அதன்படி, இவ்வளவு பிளாஸ்டிக் மறுசுழற்சி செய்யப்பட்டது என்பதற்கான சான்றிதழ்களைப் பதிவுபெற்ற மறுசுழற்சி ஆலைகளிடமிருந்து அந்நிறுவனங்கள் விலைக்கு வாங்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பணம் ஆலை வாசலோடு நின்றுவிடாமல், கவரைக் காதில் வைத்துக் கேட்ட அந்த அம்மா வரை வருவதற்கு அந்த ஏற்பாட்டில் கட்டாயமான வழி இல்லை. அவருக்கு இதில் என்ன பங்கு என்பதே என் கேள்வி.

அதே கேள்வியைத் தும்கூர் மாவட்டத்துப் பாவகடாவிலும் கேட்டுப் பார்க்கலாம். அங்கே 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் சோலார் பூங்கா இருக்கிறது. மழை பொய்த்த ஊர். வேர்க்கடலை விளைந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்ற நிலை. அரசு அங்கே நிலத்தைப் பறிக்காமல், ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய் என்று குத்தகை பேசி, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஐந்து விழுக்காடு உயர்த்தித் தர ஒப்புக்கொண்டது. நிலம் உழவர் பெயரிலேயே இருக்கிறது. இதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் அந்த நிலத்தில் களை எடுத்து, கடலை பிடுங்கிக் கூலி வாங்கிய நிலமற்ற பெண்களின் பெயர் எந்தக் குத்தகைப் பத்திரத்திலும் வர வழியில்லை. பத்து ஏக்கர் வைத்திருந்தவருக்கு வாடகை வருகிறது. அவர் வயலில் குனிந்து நிமிர்ந்தவருக்கு வேலை போயிற்று. புல் வெட்டவும் தகடு கழுவவும் காவல் இருக்கவும் சிலரைச் சேர்த்துக்கொண்டார்கள் என்றாலும், ஒரு பருவத்துக் கடலை வயல் அழைத்த அத்தனை கைகளுக்கும் அங்கே இடமில்லை. குத்தகை எழுதும்போதே கூலிக்காரர்களுக்கும் ஒரு பங்கு எழுதியிருக்கலாம். அடுத்த பூங்காவுக்காவது அப்படி எழுத வேண்டும்.

நேரம் முடியப்போகிறது என்று நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். நிலக்கரியைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2070க்குள் நிகரக் கரியமில வெளியீட்டைச் சுழியாக்குவதாக, அதாவது வெளிவிடும் அளவுக்குக் கரியமில வாயு உறிஞ்சப்பட்டும் விடும் நிலையை எட்டுவதாக, நம் நாடு அறிவித்திருக்கிறது. அந்த வழியில் ஜார்க்கண்டிலும் சத்தீஸ்கரிலும் நிலக்கரிச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்படும் நாள் வரும். ஒரு சுரங்கம் மூடப்பட்டால் ஓர் ஊர் என்ன ஆகும் என்பதைப் பெங்களூருத் தமிழர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கோலார் தங்கவயல் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. தலைமுறை தலைமுறையாகப் பூமிக்கடியில் இறங்கிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று தங்கவயலின் மாரிகுப்பம் ரயில் நிலையத்தில் விடியலுக்கு முன் ரயிலேறி, பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு இரவில் வீடு திரும்புகிறார்கள். அந்த ரயிலில் போகிறவர்கள் யாரேனும் இப்போது இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். அவர்களுக்கு என் வணக்கம்.