மணி எல்லாருக்கும் ஒன்றுதான்

நடுவராக அமர்ந்திருக்கும் ஆயர் ஐயா அவர்களுக்கும், எதிரணி அண்ணன்மார்களுக்கும், சபையார் அனைவருக்கும் ஸ்தோத்திரம். ‘நாவடக்கம் பெண்களுக்கே உரிய கிறிஸ்தவ நற்குணமா, எல்லாருக்கும் பொதுவானதா?’ என்பது தலைப்பு. பொதுவானது என்று பேச வந்திருக்கிறேன். பெண்கள் பேச்சைக் குறைக்க வேண்டும் என்று வாதாடிய எதிரணித் தலைவர் மணி அடித்த பிறகும் நிறுத்தவில்லை. நடுவர் இரண்டாவது மணி அடித்ததும்தான் உட்கார்ந்தார். என் வாதத்துக்கு முதல் சாட்சி அவர்தான். நன்றி அண்ணே!

சரி, அவர் எடுத்த வசனங்களுக்கு வருகிறேன். 1 கொரிந்தியர் 14-இல் ஸ்திரீகள் சபையில் பேசாமலிருக்கக்கடவர்கள் என்று இருக்கிறதே என்றார். இருக்கிறது, 34-ஆம் வசனம். ஆனால் அதே அதிகாரத்தில், அந்த நிருபத்தை எழுதிய பவுல் இன்னும் இரண்டு பேரைப் பேசாமலிருக்கச் சொல்கிறார். அர்த்தம் சொல்ல ஆள் இல்லாமல் அந்நியபாஷை பேசுகிறவர், 28-ஆம் வசனம். இன்னொருவருக்கு வெளிப்பாடு வந்த பிறகும் விடாமல் பேசுகிற தீர்க்கதரிசி, 30-ஆம் வசனம். இந்த இரண்டு பேருக்கும் யாராவது பிரசங்கம் பண்ணிக் கேட்டிருக்கிறீர்களா? மூன்று அதிகாரம் முன்னே போனால், ஜெபம் பண்ணுகிற, தீர்க்கதரிசனம் சொல்லுகிற பெண் தலையை மூடிக்கொள்ள வேண்டும் என்று அதே பவுல் எழுதுகிறார். அப்படியானால் கொரிந்துவில் பெண்கள் வாய் திறந்து ஜெபித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

உபதேசம்பண்ண ஸ்திரீக்கு உத்தரவு கொடுக்கிறதில்லை என்கிற 1 தீமோத்தேயு 2 கடினமான பகுதிதான். வேதபண்டிதர்களே அதில் ஒத்துப்போவதில்லை, நான் இந்த மேடையில் தீர்த்துவைக்கப் போவதும் இல்லை. ஆனால் அப்பொல்லோ என்ற பெரிய பேச்சாளனை ஆக்கில்லாவும் அவர் மனைவி பிரிஸ்கில்லாளும் அழைத்துக்கொண்டுபோய் விளக்கிச் சொன்னதை அப்போஸ்தலர் 18 மறைக்கவில்லை.

நாவைப் பற்றி வேதத்தில் மிகக் கடுமையாக எழுதியவர் யாக்கோபு. குதிரைக்குக் கடிவாளம், கப்பலுக்குச் சுக்கான், காட்டைக் கொளுத்தும் நெருப்பு, எல்லாம் மூன்றாம் அதிகாரத்தில் வருகிறது. அந்த அதிகாரம் யாரை எச்சரித்துத் தொடங்குகிறது தெரியுமா? மாமியாரையா, மருமகளையா? போதகர்களை! உங்களில் அநேகர் போதகராகாதிருங்கள், நமக்கு அதிக ஆக்கினை வரும் என்கிறார். ஆயர் ஐயா கோபிக்கக்கூடாது, வசனம் அப்படித்தான் இருக்கிறது. திருமண்டலத் தேர்தல் நேரத்தில் சேகரக் கமிட்டிக் கூட்டம் நடக்கும் அறைக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றவர்களுக்கு, யாக்கோபு யாருக்கு எழுதினார் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இப்போது நாபாலின் மனைவி அபிகாயில். அண்ணன் அவளை ‘அடக்கமான மனைவி’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். 1 சாமுவேல் 25-ஐ முழுதாக வாசியுங்கள். மூவாயிரம் ஆடு வைத்திருந்த நாபால் ஆட்டு மயிர் கத்தரிக்கிற நல்ல நாளில், உதவி கேட்டு வந்த தாவீதின் ஆட்களிடம் “தாவீது என்பவன் யார்?” என்று வாயை விடுகிறான். நாபாலுக்கு ஒரு ஆண்பிள்ளையும் மிஞ்சமாட்டான் என்று தாவீது பதிலுக்குச் சபதம் போட்டு, நானூறு பேரோடு பட்டயத்தைக் கட்டிக்கொண்டு புறப்படுகிறான். கட்டுப்படாத இரண்டு நாக்கும் ஆண்களுடையவை.

அபிகாயில் என்ன செய்தாள்? இருநூறு அப்பமும் திராட்சரசமும் சமைத்த ஆடுகளும் கழுதைகள்மேல் ஏற்றிக்கொண்டு, புருஷனுக்குச் சொல்லாமல் போனாள். வழியில் தாவீதைக் கண்டு காலில் விழுந்து பேசினாள், பேசினாள், பேசிக்கொண்டே இருந்தாள். நீ ராஜாவாகும் நாளில் வீணாய் இரத்தம் சிந்தினோமே என்ற மனக்கிலேசம் உனக்கு இருக்கக்கூடாது என்று, நாளைக்கு அவனுக்கு உறுத்தப்போவதை இன்றைக்கே சொன்னாள். தாவீது அவளையும் அவள் யோசனையையும் வாழ்த்தித் திரும்பினான். அப்புறம் வீட்டுக்கு வந்தால் நாபால் குடித்து வெறித்துக் கிடக்கிறான். அப்போது அவள் வாயே திறக்கவில்லை. விடியட்டும் என்று காத்திருந்து, போதை தெளிந்த பிறகு சொன்னாள். பட்டயத்துக்கு முன்னால் பேசத் தெரிந்தவளுக்கு, குடிகாரனுக்கு முன்னால் பேசாமலிருக்கவும் தெரிந்தது. நாவடக்கத்தை நானும் உயர்த்தித்தான் பேசுகிறேன் நடுவர் அவர்களே. எப்போது பேசுவது என்று தீர்மானிக்கும் உரிமை அவளிடமே இருந்தது, அதைத்தான் சொல்கிறேன்.

சபை வரலாற்றையும் பார்ப்போம். ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் எழுதிய மடத்து ஒழுங்கில் ஆறாவது அதிகாரம் முழுக்க மௌனத்தைப் பற்றியது. அவர் எழுதியது ஆண் துறவிகளுக்கு. சியன்னா நகரத்துக் கத்தரீனோ, வாலிபத்தில் மூன்று வருஷம் அறைக்குள் மௌனம் காத்தவள். அதே கத்தரீன் பிறகு, இன்றைய பிரான்ஸில் உள்ள அவிஞ்ஞோனில் இருந்த போப் பதினோராம் கிரகோரிக்கு, பயப்படாமல் ரோமாபுரிக்குத் திரும்புங்கள் என்று கடிதம் மேல் கடிதம் எழுதினாள். 1377-இல் அவர் ரோமாபுரிக்கு வந்து சேர்ந்தார். 1970-இல் கத்தோலிக்கத் திருச்சபை அவளுக்கு மறைவல்லுநர், அதாவது திருச்சபைக்கே போதிக்கும் ஆசான் என்ற பட்டமே கொடுத்தது.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஒரு கேள்வியோடு உட்காருகிறேன், அடுத்து வரும் எதிரணி அண்ணன் பதில் சொல்லட்டும். லூக்கா முதல் அதிகாரத்தில் தேவதூதன் ஒருவரை ஊமையாக்குகிறான். அவர் தேவாலயத்தில் தூபங்காட்ட உள்ளே போன ஆசாரியர் சகரியா. அவர் மனைவி எலிசபெத்து, பிள்ளைக்கு அப்பா பேரையே வைக்க வந்த சொந்தக்காரர்கள் முன்னால் “அப்படியல்ல, யோவான் என்று பேரிடவேண்டும்” என்று வாய் திறந்து சொன்னாள். அவரோ எழுத்துப்பலகை கேட்டு வாங்கி, அவள் சொன்ன அதே பெயரை எழுதிக் காட்டினார். அந்த வீட்டில் நாவடக்கம் யாருக்குக் கொடுக்கப்பட்டது அண்ணே?