வரிசையில் நிற்கும் வேலைகள்

நேயர்களுக்கு வணக்கம். சூப்பர் கம்ப்யூட்டர் என்றதும் பலரும் ஒரே ஒரு பெரிய கணினியை நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது கணினிகளின் கூட்டம். அந்தக் கூட்டத்தில் உள்ள ஒவ்வொரு கணினியையும் நோடு என்பார்கள்; அதற்குள் கணக்குப் போடும் ஒவ்வொரு பகுதியும் ஒரு கோர். நம் சிங்கப்பூர் தேசிய சூப்பர்கம்ப்யூட்டிங் மையத்தின் ஆஸ்பயர் 2ஏ என்ற சூப்பர் கம்ப்யூட்டரில் சாதாரண நோடு ஒன்றிலேயே 128 கோர் இருக்கிறது. வீட்டு மடிக்கணினியில் எட்டோ பத்தோ இருக்கும்.

நாம் உள்ளே நுழைவது லாகின் நோடு வழியாக. அது எல்லோருக்கும் பொதுவான வாசல். கனமான வேலையை அங்கே ஓட்டக்கூடாது. எத்தனை கோர், எவ்வளவு மெமரி, எவ்வளவு நேரம் என்று ஒரு சிறு ஸ்கிரிப்டில் எழுதி, கியூசப் என்ற கட்டளையால் அனுப்புகிறோம். அப்புறம் எந்த வேலையை எப்போது உள்ளே விடுவது என்பதை பிபிஎஸ் என்ற ஷெட்யூலர் பார்த்துக்கொள்ளும்.

நான் பேச வந்தது அந்த ‘எவ்வளவு’ பற்றித்தான்.

என்னிடம் ஆய்வு செய்யும் மாணவி ஒருவர், “சார், என் வேலை இரண்டு நாளாகக் கியூவிலேயே நிற்கிறது” என்று வந்தார். ஸ்கிரிப்டைப் பார்த்தேன். 128 கோர், 24 மணி நேரம்.

“ஏம்மா இவ்வளவு?”

“நிறையக் கேட்டால் சீக்கிரம் முடியும் என்று நினைத்தேன் சார்.”

அவர் முன்பு ஓட்டிய வேலையின் கணக்கைக் கியூஸ்டேட் என்ற கட்டளையால் எடுத்தோம். தொடங்கியதிலிருந்து முடியும்வரை ஆன கடிகார நேரம் 6 மணி நேரம். கோர்கள் எல்லாம் சேர்ந்து உழைத்த சிபியூ நேரமும் ஏறக்குறைய அதே 6 மணி நேரம். 128 கோரும் உழைத்திருந்தால் அது 700 மணியைத் தாண்டியிருக்கும். அவருடைய நிரல் ஒரே கோரில் ஓடும்படி எழுதப்பட்டது. மீதி 127 கோரும் சும்மா கிடந்தன. அவற்றுக்காக யாரோ காத்திருந்தார்கள். தேக்கா உணவங்காடியில் மதிய வேளையில், தனி ஆளாக வந்தவர் மேசை முழுக்க டிஷ்யூ பாக்கெட் வைத்து இடம் பிடித்த மாதிரிதான்.

நேரத்தைச் சரியாகக் கேட்டால் நமக்கே லாபம். பெரிய வேலை ஒன்றுக்காக ஷெட்யூலர் நோடுகளைச் சேர்த்து வைக்கும்போது, நடுவில் இரண்டு மணி நேரம் சில கோர்கள் காலியாக இருக்கும். அதற்குள் முடிகிற சின்ன வேலையை அந்த இடைவெளியில் நுழைத்துவிடும். 24 மணி கேட்ட வேலைக்கு அங்கே இடமில்லை. இப்படி இடைவெளியை நிரப்புவதற்குப் பேக்ஃபில் என்று பெயர். அதற்காக ரொம்பவும் குறைத்துக் கேட்காதீர்கள். கேட்ட நேரம் தீர்ந்தால், இன்னும் ஐந்தே நிமிடம் பாக்கி என்றாலும் வேலை நிறுத்தப்படும். முதலில் கொஞ்சம் தரவை வைத்து ஓட்டிப் பாருங்கள். ஆகிற நேரத்தோடு கால் பங்கு கூட்டிக் கேளுங்கள். நீண்ட வேலையா, விட்ட இடத்திலிருந்து தொடரும்படி, அதுவரை முடிந்ததை இடையிடையே செக்பாயிண்டாகச் சேமித்துக்கொள்ளுங்கள்.

அந்த மாணவி ஒரு கோர், எட்டு மணி நேரம் என்று மாற்றி அனுப்பினார். நான் கீழே போய்த் தேநீர் வாங்கி வருவதற்குள், திரையில் காத்திருப்பதைக் காட்டும் ‘கியூ’ என்று நின்ற எழுத்து, ஓடுவதைக் காட்டும் ‘ஆர்’ ஆகியிருந்தது.