இரண்டு கட்டிச் சோப்பும் தமிழ் வசன வரிகளும்
(நூலக வாசகர் வட்ட ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, அலுவல் நெருக்கடிக்கிடையிலும் முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, நகர்மன்ற உறுப்பினர் பெருமக்களே, திரையையும் ஒலிபெருக்கியையும் வாடகை வாங்காமல் தந்துதவிய வணிகர் சங்க நண்பர்களே, வாசகர் வட்டத் தோழர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். வாழ்த்துரையில் நகர்மன்ற உறுப்பினர் அவர்கள் என்னைப் பற்றிச் சொன்னவற்றில் பாதியாவது உண்மையாக இருந்திருந்தால் என் வீட்டார் மிகவும் மகிழ்ந்திருப்பார்கள்.

சோவியத் காலத்து ரஷ்ய மொழித் திரைப்படங்களைப் பற்றிப் பேசப் பணித்திருக்கிறீர்கள். போர்ப் படங்கள், தடை செய்யப்பட்ட படங்கள், நகைச்சுவைப் படங்கள் என மூன்றாகப் பகுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

'உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி' என்று நான் அடிக்கடி சொல்வதைக் கேட்டு அலுத்தவர்கள் இன்றும் பொறுத்தருள வேண்டும். அந்த நாட்டு இயக்குநர்களின் நிலையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. 1919 ஆகஸ்டில் லெனின் திரைத்தொழிலை அரசின் பொறுப்பில் கொண்டுவந்தார். உலகின் முதல் திரைப்படக் கல்லூரியும் அதே ஆண்டு மாஸ்கோவில் தொடங்கிற்று. கடன் வாங்கிப் படமெடுத்து வட்டி கட்டும் தொல்லை அங்கே இல்லை. ஆனால் திரைக்கதை முதல் முடிந்த படம் வரை ஒவ்வொரு படியிலும் அதிகாரிகளின் ஒப்புதல் வேண்டும். ஆளும் கம்யூனிஸ்ட் கட்சிக்கு ஒத்துவரவில்லை என்று உள்ளூரில் ஓர் இடி, எல்லாம் பிரச்சாரம் என்று வெளியூரில் ஓர் இடி.

ஸ்டாலின் 1953இல் மறைந்த பிறகு பிடி சற்றே தளர்ந்தது. கலதோசவ் 1957இல் இயக்கிய 'கொக்குகள் பறக்கின்றன' அடுத்த ஆண்டு பிரான்சின் கான் திரைப்பட விழாவில் முதற்பரிசை வென்றது. ஆனால், நான் நின்று பேச விரும்புவது கிரிகோரி சுக்ராய் 1959இல் எடுத்த 'ஒரு போர்வீரனின் கதைப்பாடல்' என்ற படத்தைப் பற்றி. சுக்ராய் ஸ்டாலின்கிராடில் போரிட்டுக் காயம்பட்டவர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்தொன்பது வயது ஆலியோஷா பயத்தில் சுட்டு இரண்டு ஜெர்மானிய டாங்குகளை வீழ்த்திவிடுகிறான். தளபதி பதக்கம் தருகிறேன் என்கிறார். பதக்கத்துக்குப் பதிலாக அம்மாவைப் பார்த்துவர விடுங்கள், வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்கிறான் பையன். போக இரண்டு நாள், வர இரண்டு நாள், கூரை வேய இரண்டு நாள் என ஆறு நாள் விடுப்புக் கிடைக்கிறது. வழியில் போர்முனைக்குச் செல்லும் ஒரு சிப்பாய், தன் மனைவியிடம் ஏதாவது கொடுத்துவிடு என்று கெஞ்சுகிறான். கொடுக்க என்ன இருக்கிறது? சோப்பு இருக்கிறது, அந்தப் படைப்பிரிவு முழுமைக்கும் வழங்கப்பட்ட இரண்டே கட்டிகள். பொறுப்பாளர் முதலில் முறைக்கிறார், பிறகு இரண்டையும் எடுத்துக் கொடுக்கிறார். எத்தனை பேர் முகம் கழுவ வேண்டிய சோப்பு அது என்று எண்ணிப் பாருங்கள்!

விலாசம் தேடிப் போனால் வீடு குண்டுக்கு இரையாகியிருக்கிறது. மனைவியை வேறோர் இடத்தில் கண்டுபிடிக்கிறான். அவள் வேறொருவனோடு வாழ்கிறாள் என்பது அறைக்குள் நுழைந்ததும் புரிந்துவிடுகிறது. சோப்பை வைத்துவிட்டுப் படியிறங்கிய பையன், திரும்ப ஓடிவந்து அதை எடுத்துக்கொண்டு போகிறான். ஒரு வசை கிடையாது, அறிவுரை கிடையாது. வீடிழந்த பலரோடு ஒரு பொதுக்கூடத்தில் படுத்திருக்கும் சிப்பாயின் நோயாளித் தந்தையிடம் அதே சோப்பைக் கொடுத்து, உங்கள் மகனை எல்லாரும் எப்படி மதிக்கிறார்கள் தெரியுமா என்று புளுகுகிறான். இப்படி வழியெல்லாம் ஊரார் சுமையைச் சுமந்தே விடுப்பு கரைந்துபோக, தாயைக் கட்டிக்கொள்ளச் சில நிமிடங்களே மிஞ்சுகின்றன. கூரை வேயப்படவே இல்லை. அவன் திரும்பி வரமாட்டான் என்பதைப் படத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்ட துணிச்சலைப் பாராட்டுவதா, அது தெரிந்தும் நம்மைக் கடைசிவரை கட்டிப்போடும் திறமையைப் பாராட்டுவதா?

தலைவர் அவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பது தெரிகிறது, விரைந்து செல்கிறேன். தடைக்கு ஒரு சான்று போதும். அலெக்சாந்தர் அஸ்கோல்தவ் 1967இல் எடுத்த 'கமிஸார்', செஞ்சேனைப் பெண் அதிகாரி ஒருத்தி ஓர் ஏழை யூதக் குடும்பத்தின் வீட்டில் தங்கிக் குழந்தை பெறும் கதை. இருபது ஆண்டுகள் அது முடக்கப்பட்டது, இயக்குநர் கட்சியிலிருந்தும் நீக்கப்பட்டார். 1987இல் மாஸ்கோவில் திரையிடப்பட்டு, மறு ஆண்டு பெர்லின் திரைப்பட விழாவில் வெள்ளிக் கரடி விருது பெற்றது. ஆயினும் அஸ்கோல்தவ் அதன் பிறகு ஒரு கதைப்படமும் இயக்கவில்லை.

இனி நம் இடிக்கு வருகிறேன். மாஸ்கோவின் படத்தயாரிப்பு நிறுவனமான மாஸ்ஃபிலிம் தன் பழைய படங்கள் பலவற்றை யூடியூபில் இலவசமாகவே வைத்திருக்கிறது, திரையின் அடியில் ஓடும் ஆங்கில வசன வரிகளோடு. ரஷ்யமும் புரியாது, ஓடி மறையும் ஆங்கில வரியைப் பிடிக்கவும் முடியாது என்ற நம் பார்வையாளர்தாம் இன்றைய மத்தளம். மாஸ்கோவிலேயே தமிழர்கள் அமர்ந்து ரஷ்ய இலக்கியத்தை நேரடியாகத் தமிழாக்க, முன்னேற்றப் பதிப்பகத்தின் நூல்கள் நம் சிற்றூர்கள் வரை மலிவு விலையில் வந்து சேர்ந்தன. நாவலுக்குக் கிடைத்த அந்தப் பேறு படத்துக்குக் கிடைக்கவில்லை என்பதே பத்து மேடைகளில் நான் முறையிட்டு வருவது.

செலவு பெரிதன்று. இன்ன நொடியில் தோன்றி இன்ன நொடியில் மறைய வேண்டும் என்ற குறிப்போடு வசனத்தை வரிசையாகத் தட்டச்சு செய்த ஒரு சாதாரண எழுத்துக் கோப்புதான் வசன வரி. கணினி மையத்துப் பிள்ளைகளே செய்வார்கள். சென்னையில் ரஷ்யம் கற்றவர்கள் ஒருமுறை சரிபார்த்துத் தந்தால், ஆங்கிலத்தில் தேய்ந்த வசனம் தமிழில் மேலும் தேயாது. ஒன்றரை மணி நேரம்கூட ஓடாத, பேச்சும் குறைந்த சுக்ராயின் படத்திலிருந்தே தொடங்கலாம். பொதுவில் திரையிட உரிமையாளரிடம் முறைப்படி எழுதி அனுமதி பெறும் பொறுப்பை நானே ஏற்கிறேன்.

நகைச்சுவைப் படங்களுக்கு நேரமில்லை. கைதாய், ரியசானவ் என்ற இரு இயக்குநர்களின் பெயர்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு சனிக்கிழமை மாலை நூலக மாடிக் கூடத்தைத் திறந்துவிட வேண்டும் என்று மாவட்ட நூலக அலுவலர் அவர்களை இந்த அவையின் சார்பில் வேண்டுகிறேன். அவர் தலையசைத்ததை எல்லாரும் பார்த்தீர்கள். செயலாளர் அதைத் தீர்மானமாகவே குறிப்பேட்டில் பதிந்துகொள்ளட்டும். நன்றி, வணக்கம்.