ஒரு விளக்கா, இரண்டா?

காட்சி: உப்புவெளிக் கடற்கரை, இரவு. தொலைவில் மீன்பிடி வள்ளங்களின் வெளிச்சம்.

அதோ, வலக்கோடியில் தெரியும் வெளிச்சத்தைப் பாருங்கள். அது ஒரு வள்ளமா, நெருங்கி நிற்கும் இரண்டா? கரையில் நின்று சொல்லிவிட முடியாது. சென்ற ஆண்டு என் ஆராய்ச்சியில் நான் மல்லாடியதும் இதே கேள்வியோடுதான். அங்கே வள்ளத்துக்குப் பதில் விண்மீன்.

வானியலில் முனைவர் பட்டம் முடித்து அதிக நாளாகவில்லை. ஊருக்கு வந்தால் சின்னம்மா கேட்பார்: "இரவிரவாகத் தொலைகாட்டிக்குள்ளேயா பார்த்துக்கொண்டிருக்கிறாய், பிள்ளை?" இல்லை, சின்னம்மா. என் இரவுகள் மடிக்கணினியின் முன்தான் கழிகின்றன.

காட்சி: திரையில் ஒரு விண்மீனின் ஒளி அளவைக் காட்டும், புள்ளிகளாலான வரைபு. இடையிடையே சிறு பள்ளங்கள்.

2018 ஏப்ரலில் ஏவப்பட்ட, மற்ற விண்மீன்களைச் சுற்றும் கோள்களைத் தேடும் டெஸ் செய்மதி, வானத்தின் ஒரு பகுதியை ஏறத்தாழ 27 நாள் தொடர்ந்து பார்க்கும். பிறகு அடுத்த பகுதிக்குத் திரும்பும். விண்மீனின் ஒளி சீரான இடைவெளியில் சற்றே குறைந்து மீண்டால், அதன் முன்னால் கோள் கடந்துபோகிறதோ என்று சந்தேகிக்கலாம். 2019 டிசம்பர் 26 காலை, நிலா சூரியனின் நடுவை மறைத்து வளையமாக்கியதைத் திருகோணமலையில் பார்த்தோமே, அதுபோலத்தான். ஆனால் இங்கே மறைப்பு மிகச் சிறியது. வியாழனின் குறுக்களவு சூரியனுடையதில் பத்தில் ஒன்று, ஆகவே பரப்பு நூறில் ஒன்று: ஒளி 1 சதவீதம் குறையும். பூமி மறைப்பதோ பத்தாயிரத்தில் ஒரு பங்கும் இல்லை.

ஒரு புறக்கோள், அதாவது வேறொரு விண்மீனைச் சுற்றும் கோள், இப்படிக் கடந்துபோவது முதன்முதலாகப் பிடிபட்டது 1999 இல். அதைக் கண்டவர்களுள் ஒருவரான டேவிட் சார்பனோ அப்போது ஆராய்ச்சி மாணவர். அவர் பயன்படுத்திய தொலைகாட்டியின் வாய் 10 சென்ரிமீற்றர்தான். இதை நினைத்தால் இன்றும் எனக்கு மெய் சிலிர்க்கிறது.

நான் பார்த்த விண்மீனின் ஒளி வரைபிலும் பள்ளம் இருந்தது. மூன்று நாளுக்கு ஒருமுறை, 1 சதவீதத்துக்குக் கிட்ட. அன்றிரவு தூக்கமே வரவில்லை.

காட்சி: ஒற்றைப்படைப் பள்ளங்கள் சிவப்பில், இரட்டைப்படைப் பள்ளங்கள் நீலத்தில்.

மறுநாள் பள்ளங்களை ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். சிவப்பு நீலத்தைவிட ஒரு மயிரிழை ஆழம். கோள் என்றால் ஒவ்வொரு முறையும் ஒரே அளவுதான் மறைக்கும். ஆழம் மாறி மாறி வந்தால், இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றி மறைக்கின்றன என்றே பொருள். அப்படியானால் பள்ளம் ஏன் இவ்வளவு சிறிது? டெஸ் படத்தின் ஒரு பிக்சல், முழுநிலவின் குறுக்களவில் ஏறத்தாழ 85 இல் ஒரு பங்கு. அந்த இடத்துக்குள் பல விண்மீன்கள் அடங்கிவிடும். விண்மீன்களின் இடங்களை அளந்த கையா செய்மதியின், ஏறத்தாழ 180 கோடி பொருட்கள் கொண்ட 2022 பட்டியலில் தேடினேன். என் விண்மீனை ஒட்டி, மங்கலாக இன்னொன்று. ஆழமான மறைப்பு அதில்தான் நடக்கிறது. பக்கத்து வெளிச்சம் கலந்ததால் எனக்குச் சிறு பள்ளமாகத் தெரிந்தது.

"கோள் அல்ல" என்று எழுதும்போது தொண்டை அடைத்தது. ஆனாலும் அதை எழுதத்தான் வேண்டும். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைகாட்டியின் நான்காம் விண்ணப்பச் சுற்றில் ஆய்வாளர்கள் கேட்ட நேரம், இருந்ததைப் போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு. இத்தனை பேர் காத்திருக்கும்போது, பொய்ப் பள்ளத்துக்காகப் பெரிய தொலைகாட்டி எதனதும் ஒரு மணி நேரம்கூட வீணாகக் கூடாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பட்டத்துக்குப் பிறகு கிடைப்பது பெரும்பாலும் இரண்டு, மூன்று ஆண்டு ஒப்பந்தம். முடிந்ததும் வேறு நாடு, வேறு வீடு, மறுபடி விண்ணப்பம். இது தெரியாமல் எந்தப் பிள்ளையும் இந்தத் துறைக்கு வரக் கூடாது.

காட்சி: வீட்டு முற்றம், மடிக்கணினி.

டெஸ் தரவுகள் எல்லோருக்கும் இலவசம். சின்னம்மாவின் மகன் உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிறான். நேற்று அதே வரைபைத் தானே தரவிறக்கி, விரல் வைத்துப் பள்ளங்களை எண்ணினான்.

"அக்கா, ஐந்தாவதில் ஒரு புள்ளி மட்டும் மேலே நிற்கிறதே, ஏன்?"

நான் அதைக் கவனித்திருக்கவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.